ஏழாவது துண்டு

"மாத்தி ஊத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. நான் நம்பிடறேன்" என்றார் மேடம்.

அவன் மேசைமேல் கிடந்த பிலிம்களைப் பார்த்தான். இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை. இடப்பக்கத்தில் இருந்தவற்றில் எள்ளை நசுக்கி வைத்ததுபோலக் கறுப்புப் பட்டைகள். வலப்பக்கத்தில் அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. இரண்டும் ஒரே சோதனைதான். இரண்டும் அவன் கையால் செய்தவைதான். இடப்பக்கத்தில் இருப்பவை ஆறேழு மாதத்துக்கு முந்தையவை. வலப்பக்கத்தில் இருப்பவை இந்த வாரத்தவை.

"தெரியல மேடம்."

"என்னப்பா தெரியல? செஞ்சியா, செய்யலையா? இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?"

"செஞ்ச மாதிரி ஞாபகம் இல்ல. செய்யாத மாதிரியும் ஞாபகம் இல்ல."

ஜன்னலோரம் நின்றிருந்த கத்திரி தலையில் அடித்துக்கொண்டாள். கத்திரி என்பது அவள் பெயரல்ல. எலியின் மண்ணீரலை அவள் வெட்டியெடுக்கும் வேகத்தைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் யாரோ வைத்தது. வாயும் அப்படித்தான் என்பதால் ஒட்டிக்கொண்டது.

"இவன் கோர்ட்டுக்குப் போனா போலீஸுக்கு வேலையே இல்ல மேடம். குற்றம் நடந்துச்சான்னு கேக்கறதுக்குள்ள விலங்கை வாங்கி இவனே மாட்டிக்குவான்."

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நான் பத்திரிகைக்கு எழுதியாகணும். கட்டுரையைத் திரும்ப வாங்கறோம்னு. ஏன்னு கேப்பாங்க. தப்பு நடந்துடுச்சுன்னு எழுதலாம். இல்ல, பொய் செஞ்சாங்கன்னு எழுதலாம். முதலாவதை எழுதினா நீ இங்கயே இருப்ப. ரெண்டாவதை எழுதினா இங்க மட்டுமில்ல, எந்த லேப்லயும் உன்னை வாசல்ல கூட நிக்க விடமாட்டாங்க. எதை எழுதட்டும்?"

எதை எழுதலாம் என்று அவனுக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

விஷயம் இதுதான். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்தின்மேல் சாய்ந்தபடி, தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தையாக இருக்கும்போது கொழுகொழுவென்று இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அங்கே போய்த்தான் தேறி வெளியே வருகிறது. கன்றுக்குட்டியின் தைமஸை அரைத்து வடித்தால் அதிலிருந்து சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் கிடைக்கும். பெப்டைடு என்பார்கள். எந்தத் துண்டு எந்த உறுப்பின் செல்லிடம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு.

அவன் பங்குக்கு வந்தது ஏழாவது துண்டு. எலியின் மண்ணீரல் செல்லில் அதைச் சேர்த்தால், கதவைத் தட்டியதும் வீட்டுக்குள் செய்தி வாய்க்கு வாய் போவதுபோல, உள்ளே ஒரு புரதம் இன்னொரு புரதத்தை எழுப்பும். எழும்பிய புரதம் பிலிமில் கறுப்புப் பட்டையாக விழும். அவன் செய்தபோது மண்ணீரல் செல்லில் பட்டை விழுந்தது. தைமஸின் சொந்த செல்லில் விழவில்லை. அன்றைக்கு மேடம் மகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "பொறந்த வீட்டுல வாயே திறக்காம இருந்துட்டு, புகுந்த வீட்டுக்குப் போய் எல்லாரையும் எழுப்பி விட்டிருக்கா பாரு." கட்டுரை அச்சாயிற்று. அவன் பெயர் முதலில்.

பிறகு வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். வரவில்லை என்று எழுதினார்கள். கத்திரி செய்து பார்த்தாள். வரவில்லை. கடைசியில் அவனே செய்தான். அப்போதும் வரவில்லை.

எந்த செல்லையும் எழுப்பிவிடும் மருந்து ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் அதையும் சேர்ப்பார்கள். ஏழாவது துண்டுக்குப் பதிலாக அந்த மருந்தை ஊற்றிவிட்டால் போதும், பட்டை அழகாக விழும். மேடம் கேட்டது அதைத்தான்.

அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

பாப்பாவுக்குத் தலை நிற்க ஆரம்பித்த மாதம் அவன் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் கிருமி என்றார்கள். அடுத்து என்ன சொன்னார்கள் என்று அவன் கேட்டுக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நோய் எதிர்ப்பைப் பத்திதானே தம்பி படிச்சீங்க?" என்றார். ஆமாம் என்றான். வேறென்ன சொல்ல.

சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டான். காலையில் பாப்பாவைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவான். மாலையில் தூக்கிக்கொண்டு போவான். போயிருக்க வேண்டும். அந்த மாதங்களில் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் ஒரு காலில் பழுப்புச் செருப்புமாக வந்தான் என்று கத்திரி சொல்வாள். வீட்டுச் சாவி குளிர்பெட்டிக்குள் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. மாமா வந்தபோது அவர்தான் அதைக் கண்டெடுத்தார்.

மாமா என்றால் மனைவியின் அப்பா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் யாரைப் பார்த்தாலும் முதலில் ஒரு பார்வை பார்ப்பார், டிக்கெட் இருக்கிறதா என்பதுபோல. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவனை அப்படித்தான் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இந்தப் புள்ளைய நீங்க கையில எடுத்து எத்தனை நாளாச்சு?"

"தெரியல மாமா."

"தெரியல. சரி. நேத்து அவ என்ன சாப்பிட்டா?"

"தெரியல."

"உங்களையே ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும் போல இருக்கு. இதுல நீங்க புள்ளைய எங்க பாக்கறது? பாக்கற மாதிரி தெரியல. நான் கொண்டுபோறேன். நீங்க தெளிஞ்சதும் வந்து கேளுங்க."

அவர் சொன்னது சரி என்றுதான் அவனுக்குப் பட்டது. ஒரு தகப்பன் செய்வது எதையும் தான் செய்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. பையை எடுத்துக் கொடுத்தான். பேருந்து வரை போய் ஏற்றிவிட்டான். பாப்பா மாமாவின் தோளில் தூங்கிக்கொண்டே போனாள். அது மூன்று மாதத்துக்கு முன்பு.

"எதுவும் எழுதாதீங்க மேடம்" என்றாள் கத்திரி இப்போது. "திங்கக்கிழமை கடைசியா ஒரு தடவை. இவனும் நானும் சேர்ந்து செய்யறோம். பாதிக் குழாய் இவன், பாதி நான். எந்தக் குழாயில என்ன இருக்குன்னு நம்பர் போட்டு நீங்க வச்சுக்குங்க. எங்களுக்குத் தெரிய வேணாம். மாத்தி ஊத்தணும்னு நினைச்சாலும் முடியாது."

மேடம் அவனைப் பார்த்தார். "சரியாப்பா?"

"சரி மேடம்."

"இதுக்காவது தெரியலைன்னு சொல்லாம இருந்தியே."

வெளியே வந்ததும் கத்திரி அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய், என்கிட்ட மட்டும் சொல்லு. செஞ்சியா?"

"செஞ்சிருந்தா ஞாபகம் இருக்கும்ல?"

"அதான் நானும் கேக்கறேன்."

"செருப்பு மாத்திப் போட்டது ஞாபகம் இல்லையே. அதைச் செஞ்சிருக்கேன்ல?"

கத்திரி அவன் சட்டைக் கையை விட்டாள். "போ, போய்ப் புள்ளையப் பாத்துட்டு வா. மூஞ்சியைப் பாக்க சகிக்கல" என்று தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனான். ஊரின் மறுகோடி. பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அவன் தூங்கவில்லை. மாற்றி ஊற்றுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். இடது கையில் மருந்துக் குழாய். வலது கையில் ஊற்றும் கருவி. செய்வதுபோல மனதுக்குள் பார்க்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது. பார்க்க முடிந்தால் நடந்திருக்கலாம் அல்லவா? நடக்காததையும் பார்க்க முடியுமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. காடும் அவனுக்குள்ளேயே இருந்தது.

கதவைத் திறந்த மாமா முதலில் அவன் காலைப் பார்த்தார். இரண்டும் ஒரே ஜோடி.

"பரவாயில்லையே. முன்னேற்றம்."

உள்ளே பாப்பா அழுதுகொண்டிருந்தாள். மாமா துணியை அவிழ்த்து வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்திருக்கிறார். தொடையிடுக்கில் சிவந்து புண்ணாகியிருந்தது.

"மறுபடி வந்துடுச்சு மாப்பிள்ளை. இங்க வந்து ஒரு வாரத்துல ஆறிப்போச்சுன்னு நிம்மதியா இருந்தேன். நடுவுல பேம்பர்ஸ் போட்டுப் பாத்தேன், ஒத்துக்கல. உங்க பையில ஒரு கிரீம் கிடந்துச்சே, அதைப் போடலாம்னா இவ எங்க காலைக் குடுக்கறா? ஒரு காலைப் பிடிச்சா இன்னொரு கால் என் மூக்குல வந்து நிக்குது. முப்பத்தஞ்சு வருஷம் ஓடற ரயில்ல எத்தனை பேரைப் பிடிச்சேன், இவளைப் பிடிக்க முடியல."

அவன் கிரீம் டியூபை வாங்கினான். இடது கையால் பாப்பாவின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினான். வலது கையின் நாலு விரலுக்குள் டியூப். பிதுங்கியதைக் கட்டைவிரலில் வாங்கினான். மடிப்புக்குள் முதலில், பிறகு வெளியே, பிறகு ஒரே இழுப்பில் பின்பக்கம். வெள்ளையாகப் பூசிவிட்டு, காலைக் கீழே இறக்குவதற்குள் புதுத் துணியை அடியில் தள்ளிவிட்டிருந்தான். பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

மாமா ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இருக்கிறது, ஆனால் எப்படி வந்தது என்பதுபோல.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"தெரியல மாமா."

"உங்க வாயிலேர்ந்து வேற வார்த்தையே வராதா?"

கையைக் கழுவினான். அந்தக் கிரீம் லேசில் போவதில்லை. தண்ணீரைத் தள்ளி நிறுத்துவதற்கென்றே செய்தது. விரலெல்லாம் வழுக்கியது. துண்டில் துடைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருந்தான். திங்கள் காலை கிளம்பும் முன் இன்னொரு முறை பாப்பாவுக்குத் துணி மாற்றி, கிரீம் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடினான்.

"நல்ல சேதியா இருந்தா போன் போடுங்க. கெட்ட சேதியா இருந்தாலும் போடுங்க. தெரியலைன்னா மட்டும் போடாதீங்க" என்று மாமா வாசலிலிருந்து கத்தினார்.

ஆய்வுக்கூடத்தில் கத்திரி ஏற்கெனவே மண்ணீரலைப் பிசைந்து, சல்லடையில் வடித்து, செல்களைக் குழாய் குழாயாகப் பிரித்து வைத்திருந்தாள். மேடம் ஏழாவது துண்டு இருந்த குழாய்களுக்கும், வெறும் உப்புநீர் இருந்த குழாய்களுக்கும் கலந்து நம்பர் போட்டுப் பனிக்கட்டியில் அடுக்கியிருந்தார். ஒற்றைப்படை நம்பர்கள் அவனுக்கு. இரட்டைப்படை கத்திரிக்கு.

அவன் கையுறையை மாட்டி, வலது கட்டைவிரலின் நுனியைக் கிழித்துவிட்டான்.

"ஆரம்பிச்சிட்டான் பாரு, கையுறைக்கு ஜன்னல் வைக்கற வேலையை" என்றாள் கத்திரி.

அது அவன் பழக்கம். விரல் நுனியளவு குழாய்கள். மூடி இறுக்கம். கையுறையோடு திறந்தால் ரப்பர் மூடியிடுக்கில் மாட்டிக்கொண்டு குழாயே எகிறிவிடும். வெறும் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் டப்பென்று திறக்கும். எல்லாக் குழாயையும் வரிசையாக அப்படித் தட்டித் திறப்பான். மேடம் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். கத்திரி மூடி திறப்பதற்கென்று விற்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கியை வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டுத் திறப்பாள். வெட்டுவதில் இருக்கும் வேகம் அவளுக்குத் திறப்பதில் இல்லை.

செல்லில் சேர்த்தார்கள். காத்திருந்தார்கள். செல்லை உடைத்தார்கள். புரதங்களைப் பிரித்து, பிலிமில் ஏற்றுவதற்கு மறுநாள் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருட்டறையிலிருந்து பிலிமை எடுத்துக்கொண்டு கத்திரி வெளியே வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்தாள்.

"வரலையா?" என்றான்.

"வந்திருக்கு."

"வந்திருக்கா?"

"பாதி."

மேடம் நம்பர்களை வைத்துப் பார்த்தார். வெறும் உப்புநீர்க் குழாய்களில் ஒன்றுமில்லை, யார் திறந்ததிலும். ஏழாவது துண்டு இருந்த குழாய்களில், கத்திரி செய்தவை எல்லாம் வெறுமை. அவன் செய்தவை எல்லாம் கறுப்பு. ஆறு மாதத்துக்கு முந்தைய அதே கறுப்பு.

"நான் பக்கத்துலயே இருந்தேன் மேடம்" என்றாள் கத்திரி. "மருந்துக் குழாய் உங்க அறையில பூட்டியிருந்துச்சு. இவன் மாத்தல. சத்தியமா மாத்தல. ஆனா எப்படிடா?"

"தெரியல" என்றான்.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னே, உன்னை வெட்டிச் சல்லடையில வடிச்சிடுவேன்."

மேடம் எழுந்து வந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபத்தைவிடச் சிக்கலான ஏதோ இருந்தது.

"இவ செஞ்சா வராது. நீ செஞ்சா வருது. போன வாரம் நீ செஞ்சும் வரல. இதுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. கையைக் காட்டு."

"கையையா?"

"காட்டுப்பா."

நீட்டினான். மேடம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளையின் நகத்தைச் சோதிக்கும் பள்ளிக்கூட டீச்சர்போலப் பார்த்தார். கட்டைவிரலைத் திருப்பினார்.

"நகத்துக்குள்ள இது என்ன வெள்ளையா?"

அவன் பார்த்தான். நகத்தின் ஓரத்தில் பிறைபோல ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு முறை குளித்தும் போகவில்லை.

தெரியல என்று சொல்ல வாயைத் திறந்தான். தெரிந்திருந்தது.

"கிரீம் மேடம். பாப்பாவுக்குப் போட்டது. புண்ணுக்கு."

"எப்ப?"

"நேத்து காலையில. வரதுக்கு முன்னாடி."

கத்திரி ஏற்கெனவே போனை எடுத்துக் கிரீமின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பெயர் தெரியவில்லை. நீல டியூப், மூடி வெள்ளை என்றான். படத்தைக் காட்டினாள். ஆமாம் என்றான். அவள் அதில் என்ன இருக்கிறது என்று படித்தாள். பாதி படிக்கும்போதே நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தாள்.

"ஜிங்க் மேடம். ஜிங்க் ஆக்சைடு. கிட்டத்தட்ட பாதி டியூப் அதுதான்."

மேடம் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தைமஸிலிருந்து வரும் பழைய ஹார்மோன் ஒன்று துத்தநாகம், அதாவது ஜிங்க், இல்லாவிட்டால் செத்த பாம்பு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஏழாவது துண்டு அந்த ஹார்மோன் அல்ல. அதனால் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமல்ல. துண்டுகளை வடித்து முடித்ததும், ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தையெல்லாம் பிடித்து இழுத்துவிடும் உப்பு ஒன்றைப் போட்டுக் கழுவுவது மேடத்தின் வழக்கம். இந்த ஆய்வுக்கூடத்துச் சரக்கைப்போலச் சுத்தமானது வேறெங்கும் கிடைக்காது என்று பெயர். வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதும் அந்தச் சுத்தமான சரக்குதான். அவன் வெறும் கட்டைவிரலால் மூடியைத் தட்டியபோது கிரீமோடு உள்ளே போன துத்தநாகம்தான் அதை எழுப்பியிருக்க வேண்டும்.

"நானே கழுவி விட்டிருக்கேன்" என்றார் மேடம். "இத்தனை வருஷமா உயிரைக் கழுவிக் கழுவி ஊத்தியிருக்கேன்."

"இன்னும் நிரூபிக்கல மேடம்" என்றாள் கத்திரி. சொல்லிக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள். தெருமுனை மருந்துக்கடையிலிருந்து நீல டியூபோடு திரும்பி வந்தவள், தன் கையுறையின் கட்டைவிரல் நுனியை வெட்டினாள். விரலில் கிரீமைப் பூசி, துடைத்து, மூடிகளைத் தட்டித் திறந்தாள். முதல் குழாய் எகிறித் தரையில் விழுந்தது. "எப்படிடா இதைச் செய்யற?" என்று திட்டிக்கொண்டே அடுத்ததைத் திறந்தாள். இன்னொரு வரிசையில் கிரீம் இல்லை. அலமாரியிலிருந்த துத்தநாக உப்பில் ஒரு சிட்டிகையைக் கரைத்து, அதில் துளியிலும் துளியாகச் சேர்த்தாள். அவனைத் தொடவே விடவில்லை. அவன் கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை பிலிம் வந்தது. கிரீம் பட்ட வரிசையில் பட்டை. துத்தநாக உப்புச் சேர்த்த வரிசையில் அதைவிடக் கறுப்பாகப் பட்டை. துத்தநாகம் மட்டும் போட்டு, ஏழாவது துண்டு போடாத குழாய்களில் ஒன்றுமில்லை. தைமஸின் சொந்த செல்லில் ஒன்றுமில்லை.

"பொறந்த வீட்டுல இன்னும் வாய் திறக்கல மேடம்" என்றாள் கத்திரி.

மேடம் இந்த முறை சிரித்தார். "பத்திரிகைக்குத் திரும்ப வாங்கறோம்னு எழுதப்போறதில்ல. திருத்தம்னு எழுதறேன். எப்படி நடந்துச்சுன்னு கேப்பாங்க. என்னன்னு எழுதறது? எங்க ஆள் காலையில புள்ளைக்குத் துணி மாத்திட்டு வருவார்னா?"

"அப்படியே எழுதுங்க மேடம். உண்மைதானே."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்கள். அவன் மேசைமுன் உட்கார்ந்தான். யாரோ தோளில் தட்டினார்கள். யாரோ டீ வைத்துவிட்டுப் போனார்கள். நிம்மதியாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தான்.

பழைய பிலிம்கள் இழுப்பறையில் இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்புப் பட்டை. ஓரத்தில் தேதி. அந்தத் தேதியில் என்ன செய்தான் என்று யோசித்தான். ஒன்றும் வரவில்லை. எப்போதும்போலத் தலைக்குள் வெறும் பஞ்சு. அடுத்ததை எடுத்தான். பட்டை. அதற்கடுத்ததிலும் பட்டை.

அப்போதுதான் மெதுவாக உறைத்தது.

மாற்றி ஊற்றவில்லை. சரி. அப்படியென்றால் இந்தக் கறுப்பு எப்படி வந்தது? விரலில் கிரீம் இருந்திருக்கிறது. விரலில் கிரீம் எப்படி வந்தது? அன்று காலை ஒரு சின்னக் கணுக்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்கிறான். மடிப்புக்குள் முதலில், பிறகு வெளியே, பிறகு பின்பக்கம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, சாவியை முட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதை மட்டும் விடாமல் செய்திருக்கிறான். இந்தத் தேதியிலும். இதற்கடுத்த தேதியிலும்.

ஒரே ஒரு பிலிமில் பட்டை இல்லை. ஏதோ தவறு என்று அப்போது ஒதுக்கி வைத்தது. அன்று என்ன ஆயிற்று? புண் ஆறியிருந்ததா? காப்பகத்து அம்மா துணி மாற்றினார்களா? இல்லை, அன்று மட்டும் அவனால் எழுந்திருக்க முடியவில்லையா? அதைச் சொல்ல யாரும் இல்லை. அதைத் தனியாக வைத்தான். மற்றவற்றை இன்னொரு முறை எண்ணாமல் பார்த்தான்.

மாமாவுக்குப் போன் போட்டான்.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றார் மாமா எடுத்ததுமே. பின்னால் பாப்பா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வரேன் மாமா."

"ஏன், எலியெல்லாம் தீந்துபோச்சா?"

"அப்ப நான் அவளைப் பாத்துக்கிட்டேன் மாமா. தினமும் கிரீம் போட்டிருக்கேன்."

எதிர்ப்பக்கம் அந்தப் பழைய குரல். ஓடும் ரயிலில் கை நீட்டும் குரல்.

"அன்னைக்குக் கேட்டப்போ தெரியலைன்னீங்க. இப்ப யாரு சொன்னா?"

"மண்ணீரல்."

"என்னது?"

"எலியோட மண்ணீரல் மாமா. அதுல தெரியுது. தேதி போட்டிருக்கு."

மாமா நீளமாக மூச்சு விட்டார். போனை வாயிலிருந்து நகர்த்தி, பாப்பாவிடம் ஏதோ சொன்னார். உங்கப்பனுக்கு இன்னும் தெளியல போலிருக்கு என்பதுபோலக் கேட்டது. பிறகு திரும்பி வந்தார்.

"எனக்கு ஒரு எழவும் புரியல மாப்பிள்ளை. ஆனா ரெண்டு நாள் நீங்க இருந்தப்போ பாத்தேன். அந்தக் கை புதுசு இல்ல. பழகின கை. வாங்க. வரும்போது அந்தக் கிரீம் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. இங்க தீந்துபோச்சு."

கத்திரியின் மேசைமேல் நீல டியூப் கிடந்தது. பாதிக்குமேல் இருந்தது. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஆய்வுக்கூடத்துப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கும். அதைப் படித்துக்கொண்டே வெளியே வந்தான்.